பாக்சர் கிளர்ச்சிக்காரங்க அரசாங்கத்தை எதிர்த்தாங்களா, அதுக்காக சண்டை போட்டாங்களா?

தென்றல்82:
வணக்கம், பிஏ ஹிஸ்டரி படிக்கிறேன். 1900ல சீனால நடந்த பாக்சர் கிளர்ச்சி பத்தி எங்க புக்ல ரெண்டே வரி, எட்டு நாட்டுப் படை அடக்குச்சுன்னு முடிச்சிட்டாங்க. ஆனா அவங்க கொடியில 'சிங் அரசைக் காப்போம், அந்நியரை அழிப்போம்'னு எழுதியிருந்துச்சாம் (சிங்னா அப்ப சீனாவை ஆண்ட வம்சம்). அப்புறம் ஏன் அதை கலகம்னு சொல்றாங்க? தங்க உடம்புல குண்டு பாயாதுன்னு நெஜமாவே நம்பினாங்களா?

பழைய_ஏடு:
பாக்சர்ங்கிறது வெளிநாட்டுக்காரங்க வச்ச பேரு, அவங்க தங்களை யிஹெதுவான்னுதான் சொல்லிக்கிட்டாங்க. ஷான்டோங் மாகாணத்துல லியுவான்துன்னு ஒரு கிராமம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதி புரிஞ்சிடும். 1869ல ஊர்ப் பொதுச்சொத்தைப் பிரிச்சப்ப கோயில் இருந்த மனை கத்தோலிக்கரா மாறுனவங்க பங்குக்குப் போச்சு, அவங்க அங்க சர்ச் கட்டப் போக, ஊர்க்காரங்க எதிர்க்க, வழக்கும் அடிதடியுமா கிட்டத்தட்ட 30 வருஷம் இழுத்துச்சு. பாதிரியார் பின்னாடி வெளிநாட்டுத் தூதரகம் நிக்குதுன்னு அதிகாரிங்களுக்கு பயம், சாதாரண ஆளு எங்க போய் நியாயம் கேப்பான்? 1897ல ரெண்டு ஜெர்மன் பாதிரியாருங்களைக் கொன்னதும் ஜெர்மனி அதையே சாக்கா வச்சு ஜியாவ்ஜோ விரிகுடாவைப் பிடிச்சுக்கிச்சு. 1898ல மஞ்சள் ஆத்துல வெள்ளம், அடுத்து மழையே இல்ல. விதைக்க வழியில்லாம பசங்க சும்மா இருந்தாங்க, அந்நியனை விரட்டினாதான் மழை வரும்னு சுவரொட்டி ஒட்டினாங்க.

நம்பினாங்களான்னு கேட்டீங்கல்ல, நம்பினாங்க. நம்ம ஊர்ல சாமி ஆடுவாங்களே, கிட்டத்தட்ட அதுதான். கும்பிட்டு, மந்திரம் முணுமுணுத்து, கண்ணு சொருகி, சாமி இறங்கினதும் வாளை எடுத்துச் சுழட்டுவாங்க. எந்த சாமின்னா கூத்துல பாத்து வளர்ந்த குவான் யூ, குரங்கு ராஜா சுன் வுகோங். மழை பெஞ்ச சில இடங்கள்ல விதைக்கணும்னு கலைஞ்சு வீட்டுக்குப் போனவங்களும் உண்டு, எனக்கு இவங்க மேல இரக்கம் வர்றது இந்த எடத்துலதான்.

நிலா_வாசகி:
இரக்கம் சரிதாங்க, ஆனா இவங்க கையால செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க சீனக் கிறிஸ்தவங்கதான், வெள்ளைக்காரங்க சில நூறு பேர்தான். பக்கத்து வீட்டுக்காரனையே வெட்டியிருக்காங்க, அதை விட்டுட்டுப் பேசக்கூடாது.

அரசாங்கம் பத்தி: முதல்ல இவங்களை அடக்கப் பாத்தாங்க, அப்புறம் பேரரசி சீஷி இவங்க பக்கம் சாஞ்சு 1900 ஜூன் 21ல அந்நிய நாடுங்க மேல போர் அறிவிச்சாங்க. தெற்குல லி ஹோங்ஜாங், ஜாங் ஜிதோங் மாதிரி மாகாண ஆளுநருங்க அந்த உத்தரவை மதிக்கவே இல்ல. பெய்ஜிங்ல தூதரகங்களை 55 நாள் முற்றுகை போட்டாங்க. தோத்ததும் சீஷி சாமானியப் பெண் வேஷத்துல ஷியான் நகரத்துக்கு ஓடினாங்க, கிளர்ச்சிக்காரங்களை வேட்டையாட உத்தரவும் அதே அரசுதான் போட்டுச்சு. கொடியில யார் பேரை எழுதினாங்களோ அவங்களே கைவிட்டாங்க தென்றல். 1901 ஒப்பந்தத்துல சீனா தரவேண்டிய நஷ்டஈடு 45 கோடி டேல் (சீன எடை அளவு) வெள்ளி, 39 வருஷத்துல வட்டியோட கட்டணும்.

தென்றல்82:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். முற்றுகையை உடைச்சது யாரு, ஜப்பானா ரஷ்யாவா?

பழைய_ஏடு:
அந்த ரெண்டு படையும் கோட்டைவாசல்ல மோதிக்கிட்டு இருக்கும்போதே ஆகஸ்ட் 14ல பிரிட்டிஷ் பக்கத்துப் படை மதிலுக்கு அடியில இருந்த தண்ணி மதகு வழியா சேத்துல நடந்து முதல்ல உள்ள போயிடுச்சு, அதுல இந்திய சிப்பாய்ங்கதான் அதிகம். 7வது ராஜபுத்திரப் படையில இருந்த கதாதர் சிங், சீனாவுல இருந்த 13 மாசத்தை இந்தியில எழுதி வச்சிருக்காரு. சீனங்களும் நம்ம மாதிரி ஆசியாக்காரங்கதானேன்னு, எரிஞ்ச கிராமங்களைப் பாத்து மனசு இளகி எழுதியிருக்காரு. கிடைச்சா படிச்சுப் பாருங்க.