மறுமொழி: ‘செயற்கைக்கோள் கண்காணிப்பு’க்கு மாற்றுச்சொல்

அன்பு நண்பர்களே, வணக்கம். யானை போன்ற காட்டு விலங்குகளுக்கு ஜிபிஎஸ் கருவி மாட்டி, அவை எங்கெல்லாம் போகின்றன என்று அறியும் ஆய்வுக்குப் பாடநூலில் என்ன தமிழ்ச்சொல் போடலாம் என்று நம் குழுவில் பேசிவருகிறோம். அதில் வந்த ஒரு கருத்து இது:

> மேலேயிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே ‘செயற்கைக்கோள் கண்காணிப்பு’ என்பதே பொருந்தும்.

கிள்ளான் ஐயா எழுதிய இந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் யானையைப் பார்ப்பதே இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் ஓயாமல் அறிவிப்பதுதான் அதன் வேலை. யானையின் கழுத்தில் மாட்டிய பட்டையில் உள்ள அலைவாங்கி அந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. ஒவ்வோர் அலையும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, தன் இடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைக்க வேண்டும். இடத்தைக் கணக்கிட மூன்று; பட்டையின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய நான்காவது. கீழே யார் கேட்டார்கள் என்பதே அந்தக் கோள்களுக்குத் தெரியாது. கணக்கிட்ட இடம் ஆய்வாளரிடம் போய்ச்சேர்வது தனிக்கதை: கைப்பேசி அலைவரிசை வழியாகவோ, இரிடியம் போன்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் வழியாகவோ போகும்.

‘கண்காணிப்பு’ என்று பாடநூலில் போட்டால், வானத்தில் ஒரு கேமரா இருப்பதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்குக் ‘கங்காணி’யும் அதே வேரில் பிறந்த சொல். மேலே நின்று அதட்டும் ஒருவரின் நினைவு அதில் ஒட்டியிருக்கிறது. காட்டு விலங்கைப் புரிந்துகொள்ளச் செய்யும் ஆய்வுக்கு அந்த நிறம் வேண்டாம்.

என் முன்மொழிவு: கருவிக்குப் பொதுப்பெயர் ‘இடமறி கருவி’. யானைக்கு மாட்டுவது ‘இடமறி பட்டை’. செய்யும் வேலை ‘நடமாட்டப் பதிவு’. “யானை நடமாட்டம் இருக்கு, அந்தப் பக்கம் போகாதே” என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வதுதானே. இந்த இடத்தில் புதுச்சொல் எதற்கு?

‘வலசை ஆய்வு’ என்று செந்தூல் அக்கா சொன்னது காதுக்கு இனிமையான சொல். ஆனால் பருவம்தோறும் ஊர்விட்டு ஊர் போய்த் திரும்பும் பறவைக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். பேராக் மாநிலத்தின் கெரிக் பக்கத்து யானை ஆண்டு முழுக்க அதே காடுகளுக்குள் சுற்றுவது. ‘வழித்தடம்’ என்பதும் வேண்டாம். இரு காடுகளை இணைக்கும் நிலத்துண்டுக்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

‘ரேடியோ காலர்’ என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 2023இல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் புகுந்தபோது தமிழ்நாட்டு நாளேடுகள் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்விட்டது உண்மைதான். ஆனால் பழைய ரேடியோ பட்டை தன் இடத்தை அறியாது. அது ரேடியோ அலைக்குறிப்பு ஒன்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்; ஆள்தான் கையில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு காட்டில் நடந்து, வாங்கியில் ஒலி எந்தப் பக்கம் கூடுகிறது என்று தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பிறகு பிரித்துச் சொல்ல வழியிருக்காது.

அடுத்தது, பட்டை ஒவ்வொரு முறையும் குறித்துவைக்கும் இடமும் நேரமும். இதற்கு ‘இடப்புள்ளி’ போதும். வரைபடத்தில் புள்ளியாகத்தான் விழுகிறது, களத்திலும் ‘பாயிண்ட்’ என்றுதான் பேசுகிறார்கள். இதோடு ‘விடுபட்ட புள்ளி’யையும் பட்டியலில் சேர்க்கும்படி வற்புறுத்திக் கேட்கிறேன். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் அலை சரியாக எட்டாததால் சில புள்ளிகள் பதிவாகாமல் போகும். அந்த இழப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. வெட்டவெளியில் நின்ற நேரம் முழுதாகப் பதிவாகும், அடர்காட்டில் நின்ற நேரம் குறைந்து தெரியும். இதைக் கணக்கில் எடுக்காமல் படத்தைப் பார்த்தால், அடர்காடு யானைக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடலாம். காட்டை வெட்டலாமா என்று பேசும் மேசையில் அந்தத் தவறு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

புள்ளிகளின் பயனுக்குத் தொலைவில் தேட வேண்டாம். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையும் சேர்ந்து 2011இல் தொடங்கிய யானை ஆய்வு இருக்கிறது. அதிலிருந்து 2018இல் வெளியான கட்டுரை, யானைகள் கெரிக்–ஜெலி சாலையைப் பெரும்பாலும் இரவில்தான் கடக்கின்றன என்றது. அவை தடையின்றிக் குறுக்கே போய்வருவதை அந்தச் சாலை சராசரியாக 80 விழுக்காடு குறைத்துவிட்டது என்றும் காட்டியது. சாலையோரத்துப் புல்லும் இளங்காடும் அவற்றை அங்கேயே இழுக்கின்றன. 2025 மே மாதம் அதே நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கன்று இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். லாரியில் தலையை முட்டியபடி நின்ற அந்தத் தாயைப் பார்த்த பிறகு, இந்தச் சொற்களைச் சரியாக அமைப்பது எனக்கு வெறும் மொழிவேலையாகத் தோன்றவில்லை.

பொதுப்பெயராகக் ‘கழுத்துப்பட்டி’யைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. எங்கள் பினாங்கின் கெராச்சுட் கடற்கரையில் முட்டையிட வரும் பச்சை ஆமைக்குக் கழுத்தில் எதை மாட்டுவது? ஆமைகளுக்கு ஓட்டின்மேல் எபோக்சி பசை போட்டுக் கருவியை ஒட்டுவார்கள். அதை ‘வில்லை’ எனலாம்.

ஆமையில் இன்னொரு சிக்கல். அது மூச்சுவிடச் சில நொடிகள்தான் மேலே வரும். சாதாரண ஜிபிஎஸ் வாங்கிக்கு அந்த நேரம் போதாது. அதனால் 1978 முதல் இயங்கும் ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் முறை கடலாய்வில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதில் திசையே தலைகீழ்: வில்லை ஒலிபரப்பும், செயற்கைக்கோள் கேட்கும். நெருங்கும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகும்போது தடித்தும் கேட்பதுபோல, கோள் வந்து கடக்கையில் அலையின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்திலிருந்து இடத்தைக் கணிக்கிறார்கள்.

ஆக, ‘இடமறி வில்லை’ என்று இதற்குச் சொல்ல முடியாது. இங்கே அறிவது வில்லையல்லவே. ‘அலைபரப்பு வில்லை’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன், அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. மேலே கேட்டுக் கணிக்கும் பகுதியும் ஒலிக்கும்படி ஒரு சொல் வேண்டும். வானொலி, கப்பல் துறைகளில் இருந்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் புழக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து