மழைக்காலத்தில் பாத் பாம் (தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் குளியல் உருண்டை) உப்பிக்கொள்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

திருவான்மியூர்க்காரி:
எங்கள் வீட்டில் பாத்டப் கிடையாது. அரை வாளி வெந்நீரில் போட்டுக் காலை ஊறவைக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம். நாத்தனார் மகள் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கு ஒன்று போடலாம் என்று நானே வாயைக் கொடுத்துவிட்டேன். 60 வேண்டும், இன்னும் 12 நாள் இருக்கிறது. இதுவரை தேறியது 11.

என் அளவு: சமையல் சோடா 400 கிராம், சிட்ரிக் ஆசிட் 200, சோள மாவு 100, பேதி உப்பு (எப்சம் சால்ட்) 100, தேங்காய் எண்ணெய் 3 ஸ்பூன், நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள் தூள். பன்னீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடித்துப் பிசைந்து, பணியாரச் சட்டியில் அழுத்தினேன். வெளியே விடாமல் மழை. காலையில் பார்த்தால் ஒவ்வொன்றும் உளுந்து வடை மாதிரி உப்பி, மேலெல்லாம் மரு முளைத்திருக்கிறது. வாளியில் போட்டால் நாலு குமிழி விட்டுவிட்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த தடவை பன்னீரைக் குறைத்தேன், உதிர்ந்துபோனது. அதற்கடுத்த தடவை ஃப்ரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் வியர்த்து, தொட்டால் களிமண். இது போதாதென்று மஞ்சள் அங்கங்கே செம்புள்ளியாக மாறிவிட்டது. சட்டியில் துரு இருக்குமோ?

கோவைச் சோப்புக்காரி:
பன்னீர் என்றாலே தண்ணீர்தானே அக்கா! அதற்குப் பதில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். உங்கள் ஊரில் ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்பார்கள். சானிடைசரைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், அதிலும் தண்ணீர் உண்டு. அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது.

பதம் புட்டு மாவுப் பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்புறம் அந்த இரும்புச் சட்டியை விடுங்கள், புளிப்பு பட்டால் கறுக்கும். சிலிகோன் அச்சு மலிவுதான்.

பழைய மருந்தாளுநர்:
செம்புள்ளிக்குக் காரணம் துரு இல்லை அம்மா. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகிறது? அதே கதைதான். சுண்ணாம்பைப் போலவே சோடாவும் காரம் (அல்கலி). பன்னீர்த் துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சள் சிவந்திருக்கிறது. மஞ்சளை மறந்துவிடுங்கள்.

உப்புவதற்கு வருவோம். சோடாவும் சிட்ரிக் ஆசிடும் சேர்ந்தால் வாயு மட்டும் வருவதில்லை, தண்ணீரும் பிறக்கிறது. 252 கிராம் சோடா 192 கிராம் ஆசிடோடு முழுதாகச் சேர்ந்தால் 54 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீர் பக்கத்துத் தூளைக் கிளப்பும், அது மேலும் தண்ணீர் விடும். ஒரு துளி போதும், ராத்திரி முழுக்க உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பொங்க வேண்டியது சட்டியிலேயே பொங்கித் தீர்ந்தால் வாளியில் எது பொங்கும்?

சிட்ரிக் ஆசிட் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். 'மோனோஹைட்ரேட்' என்று இருந்தால் நூறு கிராமில் எட்டரை கிராமுக்கு மேல் தண்ணீர் படிகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பி.பார்ம். படிக்கும்போது தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மருந்துக் குருணை செய்ய இதையே வேண்டுமென்று சூடாக்குவோம், அந்தத் தண்ணீர் கசிந்து மாவைப் பிசைந்துகொடுக்கும். உங்களுக்கு வேண்டியது 'அன்ஹைட்ரஸ்', அதாவது படிகத்தில் தண்ணீரே இல்லாதது. பேதி உப்பில் எடைக்குப் பாதி தண்ணீர். என்னைக் கேட்டால் அதை இந்தக் கலவையில் சேர்க்கவே மாட்டேன்.

ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது. குளிர்ந்த பொருள் மேல் நம் ஊர்க் காற்று பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? ஏசி போட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்து, அங்கேயே ஒரு நாள் காயவிடுங்கள். சிட்ரிக் ஆசிட் தூள் தொண்டையைப் பிடிக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவைச் சோப்புக்காரி:
ஐயா சொன்னதோடு ஒன்று. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் வீட்டில் அது கல்லாக உறைந்து உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் எந்த மாதம் உறைந்து பார்த்திருக்கிறீர்கள்? கோகோ பட்டர் உருக்கி ஊற்றுங்கள். நானும் முதல் வருஷம் இதில்தான் ஏமாந்தேன்.

திருவான்மியூர்க்காரி:
பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். படுக்கையறையில் ஏசியைப் போட்டு, கட்டில் மேல் பழைய வேட்டி விரித்து 14 செய்தேன். வீட்டுக்காரருக்குத்தான் ராத்திரி ஹாலில் படுக்கை. காலையில் ஒன்றுகூட உப்பவில்லை, தட்டினால் டொக் என்கிறது. ஒன்றை மாமியார் கால் வைத்திருந்த வாளியில் போட்டேன். "கோலி சோடா உடைச்ச மாதிரி இருக்குடி" என்று காலை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

பழைய மருந்தாளுநர்:
நல்லது. தாம்பூலப் பை என்றீர்களே, வெற்றிலையைக் கழுவி ஈரத்தோடுதானே வைப்பீர்கள்?

திருவான்மியூர்க்காரி:
ஐயோ. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் சுற்றி ஒட்டிவிடுகிறேன். தேங்காயும் அதே பையில்தான், அது மேலே விழுந்து நொறுக்காமல் இருக்க வேண்டும்.