அப்பாவின் குடியும் அண்ணனின் குரல்களும் – இரண்டையும் ஒரே குடும்பத்தில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா; இல்லாத குரல்கள் காதில் கேட்கும்) என்று தெரிந்தபோது வயது 22. அப்பா அதற்கு ஆறு வருடம் முன்பே ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசினால் அது பழியாகத்தான் இருக்கும். “அப்பன் குடிச்ச பாவம், பிள்ளை தலையில விடிஞ்சிருச்சு” என்பார் அத்தை. பிறகு அண்ணனும் குடிக்க ஆரம்பித்தான். பேச்சு மாறியது: “குடிச்சுக் குடிச்சே புத்தி பேதலிச்சுப் போச்சு.” அம்மா இரண்டையுமே நம்பினார்.

எனக்கு மட்டும் கணக்கு இடித்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று யாரோ தன்னைத் திட்டுவதாக அண்ணன் சொன்னது பள்ளியின் கடைசி வருடத்தில். அவன் குடியைத் தொட்டது அதற்குப் பல வருடம் கழித்து.

இப்போது பார்க்கும் மனநல மருத்துவர் முதல் நாளே ஒரு தாளை எடுத்து எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குடிநோய் இருந்தவர்களுக்குப் பாதி மை, மனநோய் இருந்தவர்களுக்கு மறுபாதி. அப்பா, பெரியப்பா, யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே வாழ்ந்து முடிந்த அப்பாவின் அத்தை, அண்ணன். அண்ணனின் சதுரத்தில் மட்டும் இரண்டு பாதியும் நிரம்பின. அப்பா வழி முழுக்க மை. அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இரட்டையர் ஆய்வுகளின்படி, மனச்சிதைவு யாருக்கு வருகிறது, யாருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுவைச் சார்ந்தது. குடிநோயில் சுமார் 50 சதவீதம். (80 சதவீதம் என்றால் நமக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று பொருளில்லை. நானே ஒரு இரவு முழுக்க அப்படி நினைத்துத் தூங்காமல் கிடந்தேன்.) இரண்டிலுமே ஒற்றை மரபணு என்று ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாறுபாடுகள், ஒவ்வொன்றும் துளிதான் தள்ளும். அந்தத் துளிகளில் ஒரு பங்கு இரண்டு நோய்க்கும் பொது. 2014இல் மனச்சிதைவுக்கு 108 மரபணு இடங்களைக் காட்டிய ஆய்வில் டிஆர்டி2 என்ற மரபணுவின் இடமும் இருந்தது. மூளைச் செல்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்றை உருவாக்குவது அதுதான். அண்ணன் சாப்பிடும் மாத்திரை அடக்குவதும் அதே ஏற்பியைத்தான். 2020இல் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துக் குடிப் பிரச்சினையை ஆராய்ந்தபோதும் டிஆர்டி2 வந்து நின்றது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. இதற்கு முன் அண்ணனை ஒரு போதை மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனோம். “முதல்ல மனநோயைச் சரி பண்ணிட்டு வாங்க” என்றார்கள். மனநல வார்டிலோ, “குடியை நிறுத்திட்டு வந்தாதான் மருந்து வேலை செய்யும்.” எட்டு மாதம் அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் நடந்தோம். வேர் பின்னிக் கிடக்கும்போது வைத்தியத்தை மட்டும் எப்படிப் பிரிக்க முடியும்? உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது?

*

நான் உங்கள் அண்ணன் இடத்தில் இருப்பவன். குரலை அடக்கத்தான் குடிக்கிறேன் என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. குடித்த முதல் ஒரு மணி நேரம் குரல்கள் தூரப் போகும். மறுநாள் காலை இரண்டு மடங்காய்த் திரும்பி வரும்.

ஆனால் முழு உண்மை அதுவல்ல. குரல் என்றால் என்னவென்றே தெரியாத 15 வயதில் முதல்முறை குடித்தேன். கூட இருந்த நண்பர்கள் சிரித்துவிட்டு மறந்தார்கள். எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. உங்கள் அண்ணனுக்கு நோய் முன், குடி பின். எனக்குக் குடி முன், நோய் பின். அதனால்தான் ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்ற விளக்கம் எனக்கு ஒருநாளும் போதவில்லை.

இரண்டு விஷயம் தயவுசெய்து கேளுங்கள். நீண்ட காலம் தினமும் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. நான் நிறுத்தினேன். மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி. அது என் பழைய நோய் இல்லை, குடி விட்டதால் வந்த பிதற்றல் நிலை. உயிரே போகலாம். இரண்டாவது, குடித்தால் வாந்தி வரவைக்கும் டைசல்பிராம் மாத்திரையை யாரும் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்காதீர்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு அது நோயைக் கிளறிவிடக்கூடும். நல்ல எண்ணத்தில்தான் எனக்குக் கலந்தார்கள். அதன்பின் எந்தக் கையால் சோறு போட்டாலும் விஷம் என்று நினைத்தேன், ஒரு வருடம்.

*

எங்கள் பக்கம் தேடிப் பார்த்தாலும் யாருக்கும் இல்லை. என் மகன் ஒருவனுக்குத்தான், அதுவும் இரண்டுமே. மருத்துவரிடம் கேட்டேன். மனச்சிதைவு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ அந்த நோய் இருப்பதில்லையாம். மரபு என்று பேசும்போது எங்களைப் போன்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். “உங்க வம்சத்துல யாருக்கு இருந்துச்சு, மறைக்காம சொல்லுங்க” என்று சம்பந்தி வீட்டார் கேட்டபோது என் மனைவி அழுதது எனக்குத்தான் தெரியும்.

*

என் அம்மாவுக்கு மனச்சிதைவு, தாத்தாவுக்குக் குடி. போன வருடம் கருவுற்றபோது, நோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்டேன். ஒருவருக்கு வரும், வராது என்று சொல்லும் பரிசோதனை இல்லை என்றார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு வரலாம். அதாவது எனக்கு. என் குழந்தைக்கு இன்னும் குறைவு. நோய் வராத அந்தத் தொண்ணூறை எனக்கு யாரும் அதுவரை சொன்னதே இல்லை. நான் குடிப்பதில்லை என்று மட்டும் முடிவெடுத்திருக்கிறேன். பயந்து எடுத்த முடிவல்ல, என் உடம்பை அறிந்து எடுத்தது.

*

உங்கள் பதில்கள் எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டில் மாத்திரை கலந்ததைப் படித்ததும் நிறுத்தச் சொன்னார். நாங்களும் ஒருமுறை அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

அண்ணனுக்கு இப்போது ஒரே மருத்துவர் இரண்டுக்கும் சேர்த்தே பார்க்கிறார். ஐந்து மாதமாகக் குடி இல்லை. நடுவில் ஒருமுறை சறுக்கினான், மறைக்காமல் சொன்னான். குரல் முழுக்கப் போகவில்லை, மெல்லிசாக இருக்கிறது என்கிறான்.

நேற்று அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். அப்பாவின் சதுரத்தில் விரலை வைத்து, “இவருக்கும் யாராவது வைத்தியம் பார்த்திருக்கலாமே” என்றார். அப்பாவை அவர் திட்டாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.