கடைத்தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள்: வியாபாரிகள் கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும்?

பாத்திரக்கடை மகள்:

வணக்கம். பேருந்து நிலையத்திலிருந்து தேரடி வரை நீளும் ஒரே கடைத்தெருவை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது. அந்தத் தெருவின் நடுவில் எங்கள் எவர்சில்வர் பாத்திரக்கடை இருக்கிறது. தாத்தா தொடங்கியது, இப்போது கல்லாவில் நான் உட்காருகிறேன்.

சென்ற ஆவணியில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள், அப்பா எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து எனக்கும் கடைப் பையனுக்கும் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு 74 வயது. எங்கள் தெருவில் நடைபாதை என்று இருப்பது சாக்கடையின் மேல் போட்ட சிமென்ட் பலகைகள்தாம். மூன்று கடை தள்ளி ஒரு பலகை உடைந்து வாய் பிளந்து கிடந்தது. அடுத்த பலகையில் இரண்டு பைக்குகள். வழியில்லாமல் சாலையில் இறங்கினார். பின்னோக்கி வந்த சரக்கு வண்டி இடுப்பில் தட்டிவிட்டது. நான் ஓடிப் போனபோது தூக்கின் மூடி மட்டும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. "டிரைவரை யாரும் அடிக்காதீங்க" என்பதுதான் அவர் முதலில் சொன்ன வார்த்தை. தொடை எலும்பு முறிவு. இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். கடைக்கு வந்தே தீருவேன் என்கிறார்.

இந்த நிலையில் தெருவைச் சீரமைக்கத் திட்டம் வந்திருக்கிறது. இருபுறமும் நடைபாதையைக் குறைத்துச் சாலையை அகலப்படுத்துவது, நடுவில் இரும்புக் கம்பித் தடுப்பு, தேரடி அருகே ஒரு நடைமேம்பாலம். அடுத்த வெள்ளிக்கிழமை வியாபாரிகள் கூட்டம். பெரும்பாலோர் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்: கடை வாசலில் கார் நின்றால் வியாபாரம் பெருகும் என்ற நம்பிக்கை. அது உண்மைதானா என்று பார்க்க, போன சனிக்கிழமை கடைக்குள் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுப் பற்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன். 64 பேர். காரில் வந்தவர்கள் 5 பேர். பைக்கில் 17 பேர். மீதி எல்லோரும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோ, பக்கத்துத் தெருக்களிலிருந்து நடந்தோ வந்தவர்கள். சீர்வரிசைக்கு அண்டாவும் குத்துவிளக்கும் வாங்க வந்த குடும்பம்கூட ஒன்பது பேராக நடந்தே வந்தது.

திட்டம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இதற்குப் பதில் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வரைவாளர்:

அம்மா, உங்கள் தந்தை தேறி வருவது அறிந்து ஆறுதல். முப்பத்தோரு ஆண்டுகள் சாலை வரைபடம் போட்டவன் நான். வண்டி ஓடும் பகுதியை முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சியதை நடைபாதை என்று எழுதுவோம். அந்தப் பழக்கம்தான் உங்கள் தெருவிலும் நிற்கிறது. வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் நடப்பவருக்கு எவ்வளவு வேண்டும் என்று வரையட்டும், பிறகு வண்டிக்கு.

அளவு கேட்பார்கள், கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் (IRC) 103ஆம் எண் வழிகாட்டி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும் என்கிறது. கடைத்தெருவுக்கு அதைவிடக் கூடுதலாக. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது அளவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது. தண்ணீர் புகாமலிருக்க நடைபாதையை முழங்கால் உயரத்துக்குத் தூக்குகிறார்கள். பிறகு கோல் ஊன்றுபவர் அதில் ஏறவே முடியாமல் சாலையோடு போகிறார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

1.8 மீட்டர் என்பது நடப்பதற்கு மட்டும். மின்கம்பம், மரம், பெயர்ப்பலகை, இருக்கை எல்லாம் சாலையோரமாகத் தனிப் பட்டையில் நிற்க வேண்டும். கடையை ஒட்டி, நின்று பொருள் பார்க்க இன்னொரு பட்டை. மொத்த அகலத்தை மட்டும் கேட்டால், அதன் நடுவில் டிரான்ஸ்பார்மரை நட்டுவிட்டு "கேட்ட அளவு கொடுத்தோம்" என்பார்கள்.

நடைமேம்பாலத்தை நான் ஆதரிக்க மாட்டேன். கீழே வண்டி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய நாற்பது படி, இறங்க நாற்பது. பன்னிரண்டு மீட்டர் சாலையைக் கடக்க உங்கள் அப்பா எண்பது படி ஏறி இறங்குவாரா? ஏற மாட்டார். கம்பித் தடுப்பில் எங்கே சந்து இருக்கிறதோ அங்கே நுழைவார். ஊரே நுழையும். பிறகு அடிபட்டவர் மேலேயே பழியும் விழும்.

தரையிலேயே கடக்க வழி கேளுங்கள். நடைபாதை மட்டத்துக்குச் சாலையை மேடாக்கி, மேலே தட்டையாக, மூன்று நான்கு மீட்டர் அகலத்தில் வரிக்கோடு போட வேண்டும். அதுவே வேகத்தடை, அதுவே கடக்கும் இடம். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓரத்தில் வடிகால் விட வேண்டும். அதை மறந்துவிட்டு எத்தனை ஊரில் குளம் கட்டியிருக்கிறோம்! நடுவில் கம்பிக்குப் பதிலாக, நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. 12 மீட்டரை ஒரே மூச்சில் கடக்க, நொடிக்கு 0.7 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் பதினேழு நொடி வேண்டும். நடுத்திட்டு இருந்தால் அரைச் சாலையாக, அரைச் சாலையாகக் கடப்பார்.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையும் என்பார்கள். காலி இடம் தெரிந்தால் வண்டிகள் வேகம் எடுக்கும், கொஞ்ச நாளில் அந்த இடத்திலும் ஒரு வரிசை நிற்கும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநர் கண்டு, மிதித்து, நிறுத்தக் காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டர் ஆகும். 50இல் அதுவே 28 மீட்டர். உங்கள் தெருவில் மூன்று கடை தூரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

மொத்த அரிசி வியாபாரி:

சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனால் எழுதுகிறவர்கள் எல்லோரும் வாங்க வருபவரைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு நாளொன்றுக்கு இரண்டு லாரி சரக்கு இறங்குகிறது. மூட்டை 25 கிலோ. சுமக்கும் தோழர்கள் ஐந்து பேர். லாரியைத் தெரு முனையில் நிறுத்தினால் அவர்கள் முதுகுதான் உடையும். அகலமான நடைபாதை, தடுப்புக்கட்டை என்று போட்டுவிட்டால் லாரி எங்கே நிற்கும்? இதற்குப் பதில் இல்லாமல் எங்கள் கையெழுத்தைக் கேட்காதீர்கள்.

தியாகராய நகர் ஜவுளிக்கடை:

இருபத்திரண்டு வருடமாகப் பாண்டி பஜாரில் விற்பனையாளராக இருக்கிறேன். அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே 2013இல் நடைபாதைக் கடைகளை மாநகராட்சி வளாகத்துக்கு மாற்றினார்கள். 2014இல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் என்று சென்னை ஒரு கொள்கையே வகுத்தது. பிறகு 2019 நவம்பரில், பாண்டி பஜார் இருக்கும் சர் தியாகராய சாலை நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. நிலையாகக் கட்டுவதற்கு முன்பு தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். இது உங்களுக்கு மிகவும் உதவும், அக்கா. ஒரு வாரம் தடுப்பு வைத்துப் பார்ப்போம், வியாபாரம் படுத்தால் எடுத்துவிடுவோம் என்று சொன்னால் எதிர்ப்பவரும் ஒப்புக்கொள்வார்.

எங்கள் கடையில் என்ன மாறியது? முன்பு கணவர் பைக்கை வைத்துக்கொண்டு வாசலில் அலைவார். மனைவி பதினைந்து நிமிடத்தில் புடவையை எடுத்துவிட்டு ஓடுவார். இப்போது மாலையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நிதானமாக வருகிறார்கள். பாட்டிகள் மரத்தடி இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். மருமகள் கடை கடையாகப் பார்க்கிறாள். கார்களுக்குத் தணிகாசலம் சாலையில் அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அகலமான நடைபாதை கிடைத்ததும் பைக்குகள் அதில் ஏறிவிட்டன. தடுப்புக்கட்டைகளுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழைய வேண்டும், பைக் நுழையக் கூடாது. அந்த இடைவெளி லேசில் அமையாது. அதனால் கட்டிவிட்டுப் போனால் போதாது, தினமும் பார்க்க ஆள் வேண்டும்.

மேம்பாலத்தைப் பற்றி ஐயா சொன்னதில் சிறு திருத்தம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் கூட்டம் போகிறது. ரயிலிலிருந்து இறங்குபவர் எப்படியும் பாலம் ஏறித்தான் ஆக வேண்டும், அங்கிருந்து நேராகப் போய்விடலாம். லிஃப்டும் இருக்கிறது. உங்கள் தேரடியில் அப்படி ஒரு காரணம் இல்லை.

ஒஸ்லோ வாசி:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தவன், பிள்ளைகளோடு ஒஸ்லோவில் வசிக்கிறேன். அரிசி வியாபாரி அண்ணைக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும்.

இங்கே 2017 முதல் 2019 வரை நகர மையத்தில் வீதியோர வாகனத் தரிப்பிடங்கள் எழுநூறுக்கு மேல் அகற்றப்பட்டன. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நகரம் செத்துப் போகும் என்றார்கள். அந்த இடங்களில் உட்கார வாங்குகள் போட்டார்கள், மரம் வைத்தார்கள், சைக்கிள் பாதை அமைத்தார்கள். ஆனால் எல்லாத் தரிப்பிடத்தையும் எடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் காருக்கும் சரக்கு இறக்கும் வண்டிக்கும் இடம் ஒதுக்கி வைத்தார்கள். காலையில் கதவு திறக்கும் நேரத்தில் சரக்கு லொறி வந்து இறக்கிவிட்டுப் போய்விடும். பிறகு அந்த வீதி நடப்பவருடையது. உங்கள் தெருவிலும் காலை எட்டு மணி வரை லாரிக்கு என்று எழுதினால், சுமக்கிற தோழர்கள் வெயிலுக்கு முன் வேலையை முடிப்பார்கள். லாரி நிற்கவென்று பத்துக் கடைக்கு ஓரிடம் உள்வாங்கிக் கட்டலாம்.

2019ஆம் ஆண்டில் ஒஸ்லோவில் நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ ஒருவர்கூட வீதி விபத்தில் இறக்கவில்லை. தரிப்பிடம் எடுத்ததால் மட்டும் வந்ததல்ல அது. பள்ளிகளைச் சுற்றி வாகனங்களைக் கட்டுப்படுத்தினார்கள், வேக எல்லையைக் குறைத்தார்கள். பல வருட வேலை. என் இளைய மகள் எட்டு வயதில் தனியாக நடந்து பள்ளிக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை யன்னலில் நின்ற நாட்கள் மெல்ல மெல்லக் குறைந்தன.

வெள்ளைக்கோல்:

எனக்குப் பார்வை இல்லை. ஒன்றே ஒன்று. எங்களைப் போன்றவர்கள் கோலால் தடவி வழி அறிய, நடைபாதையில் மஞ்சள் நிறத் தடவு ஓடுகள் பதிப்பார்கள். அவை எங்கே போய் முடிகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் அந்த ஓடுகளைக் கோலால் தடவிக்கொண்டே போனால் நேராக மின்பெட்டியில் போய் மோதுவேன். நெற்றியில் தழும்பு இருக்கிறது. பதித்து முடித்ததும் பார்வையில்லாத ஒருவரை நடக்கவிட்டுப் பார்த்த பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசிப் பணம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பாத்திரக்கடை மகள்:

எல்லோருக்கும் நன்றி. அரிசி ஐயா, உங்கள் கேள்வி இல்லாமல் நான் கூட்டத்துக்குப் போயிருந்தால் லாரிக்காரர்களுக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. காலை எட்டு மணி வரை சரக்கு, பத்துக் கடைக்கு ஓர் இறக்குமிடம் என்று மனுவில் முதல் வரியாகவே எழுதியிருக்கிறேன். இப்போது கையெழுத்துப் போடுவீர்களா?

இன்னொன்றையும் சேர்த்திருக்கிறேன், இங்கே யாரும் சொல்லாதது. எங்கள் தெருவில் இரவு ஒன்பதரைக்குக் கடைகள் மூடிய பிறகு பேருந்து நிலையம் வரை துணையாக இருப்பது பூக்கார அக்காவும் இட்லிக்கடைத் தள்ளுவண்டியும்தான். விளக்குக் கம்பங்கள் உயரமாக நிற்கின்றன; வெளிச்சம் சாலை நடுவில் விழுகிறது, நாங்கள் நடக்கும் ஓரம் இருட்டு. என் கடைப் பெண்கள் இருவரும் அந்த இரண்டு வண்டிகளின் விளக்கைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். சீரமைப்பு என்ற பெயரில் பூக்கார அக்காவையும் இட்லிக்கடைக்காரரையும் விரட்டிவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும். பூக்கார அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்படி ஒரு குழு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, தொடுத்துக்கொண்டிருந்த கதம்பத்தை மடியில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவரும் வருகிறார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, கடைகள் திறக்கும் முன்பு, பேருந்து நிலையத்திலிருந்து தேரடி வரை இரண்டு பக்கமும் நாடா வைத்து அளக்கப் போகிறேன். ஐயா சொன்ன மூன்று கடை தூரத்தை நேற்றே அளந்துவிட்டேன்: 14 மீட்டர். நாடாவின் மறுமுனையைத் தானே பிடிப்பதாக அப்பா சொல்கிறார். கோலை ஒரு கையில் பிடித்தபடி எப்படிக் குனிவார் என்று யோசித்து, நாடா முனையில் ஒரு கொக்கி கட்டிக் கொடுத்திருக்கிறான் கடைப் பையன்.