பாடக்குறிப்பில் நோக்கம் எப்படி எழுதுவது?

கேள்வி (தாராவி, மும்பை):
ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ‘பின்னங்களைப் புரிந்துகொள்வர்’ என்று நோக்கம் எழுதியிருந்தேன். பார்வையிட வந்தவர் சிவப்பு மையால் சுழித்து ‘எப்படித் தெரியும்?’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். வேறு எப்படித்தான் எழுதுவது?

பதில் 1:
அவர் கேட்டது சரிதான் டீச்சர். புரிந்ததைக் கண்ணால் பார்க்க முடியாதே. பிள்ளை என்ன செய்து காட்டும் என்று எழுதுங்கள்: ‘ஒரு வடாபாவை நான்கு சம துண்டாக வெட்டி, மூன்று துண்டைப் பின்னமாக எழுதி, அது பாதியைவிடப் பெரிதா என்று காரணத்தோடு சொல்வர்.’

பதில் 2:
‘புரிதல்’ என்ற சொல்லே குற்றமில்லை. கற்றல் நோக்கங்களை எளிதிலிருந்து கடினம்வரை படிகளாக அடுக்கும் புளூம் வகைப்பாடு 1956இல் வந்தது; அதை 2001இல் திருத்தியபோதும் நினைவுகூர்தலுக்கு அடுத்த படியாக அது இருக்கிறது. முழுப் பாடத்தின் பொது நோக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, அன்றன்றைய வகுப்புக்குப் பார்த்து அளக்கக்கூடியதை எழுதுங்கள். ஒரு பீரியடுக்கு இரண்டு போதும். நான் ஏழு எழுதி, மணி அடிக்கும்போது மூன்றாவதில் நின்றிருக்கிறேன்.

கேட்டவர்:
நன்றி. வடாபாவ் மட்டும் வேண்டாம், வெட்டுவதற்குள் தின்றுவிடுவார்கள். காகித வட்டம்தான்.