புதுப்பிப்பு: எடைமேடை சி நிரலில் எடையைப் பதியும் ஃபங்ஷனை அழைப்பது யார்? (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. சேலத்து ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கு லாரிகளை எடைபோடும் பழைய சி நிரல் பற்றிய கேள்வி இது.

கைகொடுத்தது சீஸ்கோப் (cscope), சி நிரலில் எந்தப் பெயர் எங்கே வருகிறது என்று தேடித்தரும் கருவி. மேல் ஃபோல்டரில் 'சீஸ்கோப் -ஆர்' (cscope -R) ஓட்டினால் போதும், உள் ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் 'இதை அழைக்கும் ஃபங்ஷன்கள்' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை! பெயரை வெறும் சிம்பலாகத் தேடியதும் அகப்பட்டது: ஃபங்ஷன் பாயிண்டர் அரே (ஃபங்ஷன்களின் முகவரிகளை வைத்திருக்கும் பட்டியல்) ஒன்றில் மூன்றாவது இடம். பாயிண்டர் வழியாகப் போகும் அழைப்பை சீஸ்கோப் அழைப்பாகக் கணக்கில் எடுக்காது.

கிளாங்டி (clangd, எடிட்டருக்குள்ளேயே நிரலில் தேட உதவும் கருவி) சொன்னவருக்கு: அதுவும் ஓடுகிறது. அதற்கு வேண்டிய கம்பைல் கட்டளைகளைப் பதிந்து தரும் 'பியர் -- மேக்' (bear -- make) முதல் தடவை காலிக் கோப்பைத்தான் தந்தது, ஏற்கெனவே பில்ட் ஆகியிருந்ததால். 'மேக் கிளீன்' (make clean) போட்டு பழைய பில்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.