5800 வாட் கரண்ட் அடுப்புக்கு எந்த வயர், எந்த பிரேக்கர்?

ஹட்டன்காரி:
கொழும்பில் வீடு மாறிய அக்கா தன் கரண்ட் அடுப்பை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். மேலே நாலு தட்டு, கீழே ஓவன், பின்பக்கம் 5800 வாட் என்று இருக்கிறது. அப்பா 13 ஆம்பியர் பிளக்கை மாட்டிக் குத்திவிட்டார். இரண்டு தட்டு எரிந்தவரை சரி. ஓவனையும் போட்டதும் அரை மணி நேரத்தில் மீன் கருகும் நாற்றம். வீட்டில் மீனே இல்லை! கழற்றிப் பார்த்தால் பிளக்கின் ஒரு பின் பழுப்பேறிக் கிடந்தது. அங்கே வருவது 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் இழை ஏழு, மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர்), 20 ஆம்பியர் பிரேக்கர். பிரேக்கரை மட்டும் 32 ஆக்கினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. போதுமா?

வயரிங் பாஸ்:
ஐயோ, வேண்டாம் தங்கச்சி. பிரேக்கர் காவல் காப்பது சுவருக்குள் ஓடும் வயரைத்தான். 5800ஐ 230ஆல் வகுத்தால் 25 ஆம்பியர் சொச்சம். குழாய்க்குள் கிடக்கும் 7/0.67க்கு அது கூடுதல். 32 போட்டால் வயர்தான் முதலில் பழுக்கும்.

போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர். கடையில் 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர் போதும் என்பார்கள். குழாய்க்குள் அது 30ஐ ஒட்டித்தான் தாங்கும். 32 பிரேக்கரோடு சேர்க்க எனக்கு மனம் வராது. எர்த்தும் அதே தடிப்பில். பிளக்கே வேண்டாம், 45 ஆம்பியர் குக்கர் சுவிட்ச், அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில்.

பண்டாரவளை அண்ணன்:
முதலில் மெயினைப் பாருங்கள். நம்ம பக்கம் நிறைய வீட்டுக்கு 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ்தான். காலைக் குளிருக்கு 3000 வாட் கீசரும் ஓடினால் அது தனியாக 13. இரண்டையும் ஒன்றாகப் போட்டு, தலையில் சோப்போடு இருட்டில் நின்றவன் நான்.

ஹட்டன்காரி:
30தான், கீசரும் இருக்கிறது. அப்போ த்ரீ பேஸ் எடுக்கணுமா அண்ணா?

வயரிங் பாஸ்:
அவசரமில்லை. குளிக்கிற நேரத்தில் ஓவனைப் போடாதீர்கள், அவ்வளவுதான். அப்புறம், அடுப்பு கொஞ்ச நாள் சும்மா கிடந்ததா? சூடாகும் எலிமென்ட் ஈரம் குடித்திருந்தால் கரண்ட் கசிந்து ட்ரிப் சுவிட்ச் விழும். லைன் கொடுக்குமுன், கசிவைப் பார்க்கும் மீட்டரான மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹட்டன்காரி:
மூன்று மாதம் முன்வாசலில் கிடந்தது, பனியும் மிஸ்ட்டும் அடித்தபடி. ஞாயிறு இங்கே வயரிங் வேலை செய்யும் பாஸ் வருகிறார். கருகிய பிளக்கை மாமாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி இருக்கா என்று கேட்டார்.